வண்டியில் போட்டுக் கேட்டால் தெரியும்

மூன்றாவது தடவையாகவும் பாட்டு திரும்பி வந்துவிட்டது. முதல் இரண்டு தடவையும் தயாரிப்பாளர் திட்டினார். இந்தத் தடவை திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, பாடுற பொண்ணு என்ன சொல்லுதுன்னே புரியல," என்று சாவகாசமாகப் பேசி அனுப்பியிருந்தார். "தும்மு தும்முன்னு ஏதோ இடிச்சுக்கிட்டே இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள சரியா வரலைன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் இந்த ஒரு வாக்கியத்தை மறக்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அவனைத் தெரிந்தவர்கள் சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பாடுகிறவர் ஓரிடத்திலும் வாசிக்கிறவர் வேறிடத்திலும் பதிந்து அனுப்புவதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, எது முன்னால் வரவேண்டும், எது பின்னால் ஒதுங்க வேண்டும் என்று அளவு பார்த்து, முழுப் பாட்டாக்கிக் கொடுப்பது அவன் தொழில். இப்போது கையில் இருப்பது ஒரு தொலைக்காட்சித் தொடரின் தலைப்புப் பாட்டு. அது தேறினால் தொடர் முழுக்க அவனுக்குத்தான். தொடர் என்றால் சும்மாவா, கதாநாயகிக்குப் பேரன் பிறந்து அவனுக்கும் பெண் பார்க்கும் வரை ஓடும். தேறாவிட்டால் மைத்துனனின் டயர் கடை. மைத்துனன் தங்கமானவன். "எப்ப வேணும்னாலும் வந்து உக்காருங்க மாமா, நம்ம கடைதானே," என்பான். அந்த 'நம்ம' காதில் விழும்போதெல்லாம் அவனுக்கு ரப்பர் வாடை மூக்கில் ஏறும்.

ஏற்கெனவே இந்த ஒரு வருஷத்தில் இரண்டு பேர் அவனைவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் விளம்பரப் படம் எடுப்பவர், இன்னொருவர் குழந்தைகளுக்குப் பாட்டு போடுகிற அம்மாள். இரண்டு பேருமே சொல்லிவைத்த மாதிரி ஒரே குறையைச் சொன்னார்கள்: இடி அதிகம், குரல் காணோம். அந்த அம்மாளிடம் அவன், "ஒரு நல்ல காது டாக்டரா பாருங்க மேடம்," என்று சொல்லி வைத்தான். அதற்குப் பிறகு அவர் ஏன் கூப்பிடவில்லை என்று அவனுக்குப் புரியவே இல்லை.

சனிக்கிழமை வந்துவிட்டது. காலையிலிருந்து அவன் மூன்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

ஏன் ஏறி இறங்க வேண்டும் என்று கேட்டால் அது அவன் வேலை செய்கிற விதம். வீட்டில் இருந்த சின்ன அறையைத்தான் அவன் பாட்டு அறையாக்கியிருந்தான். சின்ன அறையில் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிகள் மூலைக்கு மூலை தேங்கி நிற்கும், அங்கே கேட்பதை நம்ப முடியாது. ஹெட்போன் இன்னும் மோசம், எதைப் போட்டாலும் ஆகா ஓகோ என்று புகழ்ந்து தள்ளும். ஆகவே எதை மாற்றினாலும் அதைப் போனில் ஏற்றிக்கொண்டு கீழே ஓடி, வண்டிக்குள் உட்கார்ந்து, கதவுகளைச் சாத்திக்கொண்டு ஸ்டீரியோவில் போட்டுக் கேட்பான். "ரூமு பொய் சொல்லும், ஹெட்போன் ஜால்ரா போடும், வண்டிதான் உண்மை பேசும்," என்று சின்னப் பையன்களுக்கு வகுப்பெடுப்பான். வண்டி மனைவியுடையது. அவள் சம்பளத்தில், அவள் பெயரில் வாங்கியது. ஸ்டீரியோவை மட்டும் அவன் தேர்ந்தெடுத்தான். மாட்டிய அன்றைக்கே, இடமிருந்து வலமாகத் தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலி வரை தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரின் ஐந்து கம்பிகளையும் சரியாக நடுவில் நிறுத்தினான், எதையும் கூட்டாமல் எதையும் குறைக்காமல். அதோடு அந்தப் பக்கமே போகவில்லை. தராசைச் சரிபார்த்து வைத்தாயிற்று, இனி எடை போட வேண்டியதுதான் பாக்கி என்று இருந்துவிட்டான்.

இரண்டாவது மாடியில் கீழ் வீட்டுக்காரர் வழிமறித்தார். கையில் குப்பைப் பை.

"கொஞ்ச நாளா கேக்கணும்னு இருந்தேன். மேல என்ன, ஆளுங்க குதிக்கிறாங்களா? அலமாரியில டம்ளர் எல்லாம் நடக்குது."

"பேஸ் சார், பாட்டு வேலை. இன்னைக்கோட முடிஞ்சிடும்."

"நீங்க குடிவந்தப்ப இவ்வளவு இல்லையே. வர வர ஏறிக்கிட்டே போகுதே?"

"உங்களுக்கு அப்படித் தோணுது சார்," என்று சொல்லிவிட்டு இறங்கினான். நின்று பேச நேரமில்லை. பேசியிருந்தால் அரைநாள் மிச்சமாகியிருக்கும், அது வேறு விஷயம்.

வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். மறுபடியும் அதே கூத்து. தயாரிப்பாளர் இடிக்கிறது என்கிறார், இங்கே இடியும் இல்லை, மழையும் இல்லை. டிரம் அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி டொக் டொக் என்கிறது. குரல் புரியவில்லை என்கிறார், இங்கே பாடகி காதுக்குள் வந்து உட்கார்ந்து கத்துகிறாள். மூன்று தடவையும் அவன் இப்படித்தான் செய்தான். தயாரிப்பாளர் பேஸைக் குறைக்கச் சொன்னார். அவன் துளி குறைத்தான். வண்டியில் கேட்டால் பாட்டில் ரத்தமே இல்லை. உடனே மேலே ஓடி, குறைத்ததைவிடக் கூடுதலாக ஏற்றினான். குரலை ஏற்றச் சொன்னார். வண்டியில் கேட்டால் குரல் காதைக் கிழித்தது. உள்ளே அமுக்கினான். வாடிக்கையாளர் சொல்கிறார் என்பதற்காக உண்மையை விட்டுக்கொடுக்க முடியுமா?

"இந்த ஆளு எதுல போட்டுக் கேக்குறாரு, தண்ணித் தொட்டிக்குள்ள வச்சா?" என்று ஸ்டியரிங்கில் குத்தினான். ஹாரன் அலறியது. எதிர் மாடியில் ஒரு ஜன்னல் திறந்து மூடிக்கொண்டது.

அடுத்தவர் செய்த பாட்டை இந்த ஸ்டீரியோவில் அவன் போட்டதே கிடையாது. மற்றவர்களின் வேலையைக் கேட்டால் தன் கை கெட்டுப்போகும் என்று ஒரு வைராக்கியம். அன்றைக்கு இருந்த கடுப்பில் எல்லாம் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று ரேடியோவைத் திருப்பினான். யாரோ செய்தி வாசித்தார்கள். தகரக் குழாய்க்குள் நின்று வாசிப்பது போல இருந்தது. அடுத்த நிலையத்தில் ஒரு குத்துப்பாட்டு. குத்து இருந்தது, ஆனால் குண்டூசியால் குத்தியது. மூன்றாவது நிலையத்திலும் அதே கதை. ஊரில் உள்ள எல்லா நிலையங்களும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். அவன் அப்படி யோசித்தான் என்பதை அவனுக்காக நாம் வெளியே சொல்லாமல் இருக்கலாம்தான், ஆனால் நடந்தது அதுதான்.

பிறகு மெதுவாக அவன் கை பொத்தானுக்குப் போனது. உள்ளே, அதற்கும் உள்ளே, அதற்கும் உள்ளே போனால் ஈக்வலைசர். திரையில் ஐந்து கம்பிகள் வந்தன. இடது பக்கத்து இரண்டும் தரையோடு தரையாகக் கிடந்தன. நடு இரண்டும் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. கடைசிக் கம்பி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்தையும் நடுவுக்குக் கொண்டுவந்தான். தன் பாட்டைப் போட்டான்.

கதவுத் தகடு அதிர்ந்தது. கண்ணாடி அதிர்ந்தது. அவன் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. அந்த இடிக்கு நடுவில் எங்கேயோ ஒரு பெண், கிணற்றுக்குள் விழுந்தவளைப் போல, யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வரிகூடப் புரியவில்லை.

பாட்டை நிறுத்தினான். தயாரிப்பாளர் சொன்னது சரி. விளம்பரக்காரர் சொன்னது சரி. காது டாக்டரிடம் போகச் சொன்னானே, அந்த அம்மாள் சொன்னதும் அட்சரம் பிசகாமல் சரி. அவமானம் காது மடல் வரைக்கும் சூடாக ஏறியது. அது தாங்க முடியாமல் போகவே கோபமாக மாற்றிக்கொண்டான். கோபம் வந்தால் பழியை வேறு யார் தலையிலாவது போடலாம், அதில் ஒரு சௌகரியம்.

போடுவதற்கு ஆள் தானாகவே வந்து சேர்ந்தது. மனைவி படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், விரலில் வண்டிச் சாவி. அவள் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள்.

"இதுல யாரு கை வச்சது?" என்றான், கண்ணாடியை இறக்கி.

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். "நான்தான்."

"நீயா? எத்தனை நாளா?"

"போன வருஷத்துலேர்ந்து. கொஞ்சம் கொஞ்சமா இறக்கினேன். ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? என் பொழப்பே போச்சு. மூணு பேருகிட்ட அசிங்கப்பட்டிருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டேனே. உன் வண்டி, உனக்கு எப்படித் தோதோ அப்படி வச்சுக்கோன்னு சொன்னீங்க."

"நானா? எப்ப?"

"ரூமுல உக்காந்திருந்தப்ப. ஹெட்போன் மாட்டியிருந்தீங்க."

 ஹெட்போன் மாட்டிக்கொண்டு தலையாட்டியதும், கேட்டவர்களுக்கெல்லாம் 'சரி சரி' சொன்னதும் அவனுக்கே தெரியாத கணக்கு. அதைக் கிளறினால் வம்பு. பேச்சைத் திருப்பினான்.

"சரி, அத விடு. இப்ப சரிபண்ணிட்டேன். சாயங்காலத்துக்குள்ள பாட்ட அனுப்பியாகணும். வண்டி எனக்கு வேணும். நீ இன்னைக்கு ஒரு நாள் பஸ்ஸுல போயேன்."

"இன்னைக்கு முடியாதுங்க. ரெண்டு மணிக்கு உள்ள இருக்கணும். ஊருக்கு அந்தக் கோடி. பஸ்ஸு மாறி மாறிப் போனா நேரமாயிடும்."

"சனிக்கிழமை என்ன டூட்டி?"

"டூட்டி இல்ல. பரீட்சை."

"என்ன பரீட்சை?"

 அவள் கோபப்படவில்லை. எத்தனையோ தடவை தட்டிப் பார்த்துத் திறக்காத கதவை இன்னொரு தடவை பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தாள். அவனுக்கு எங்கேயோ லேசாக ஞாபகம் வந்தது. மேற்பார்வையாளர் பதவி. ஒரே ஒரு இடம். கிடைத்தால் இரவு வேலை கிடையாது. யாரோ இதையெல்லாம் சொன்னார்கள். இவள்தான் சொல்லியிருக்க வேண்டும், வேறு யார் சொல்வார்கள்.

"லேப்டாப்ப எடுத்துட்டு வந்து ஏறுங்க," என்றாள். "என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு அங்கயே உக்காந்து பாருங்க. நான் வெளிய வர்ற வரைக்கும் வண்டி உங்களுக்குத்தான். போற வழியில மட்டும் எனக்கு."

வேறு வழியில்லை. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தான். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டிருந்தாள். வண்டி தெருமுனையைத் தாண்டியதும், "நான் வச்சிருந்த மாதிரியே திரும்ப வச்சிடுங்க," என்றாள். "முதல் ரெண்டையும் ஃபுல்லா இறக்கிடுங்க. நடு ரெண்டையும் ஏத்துங்க."

சற்றுமுன் நடுவில் நிறுத்திய கம்பிகளை அவன் கையாலேயே பழையபடி ஏற்றி இறக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தான்.

அவள் போனில் ஒன்றை அழுத்தினாள். ஸ்டீரியோவில் ஒரு பெண் குரல் பாடம் படித்தது. 'ரத்த மாதிரியைக் குழாயில் எடுத்தவுடன் கவனிக்க வேண்டியவை' என்று ஆரம்பித்து, நிறுத்தி நிதானமாகப் போனது. இரண்டு வாக்கியம் கழித்துத்தான் அது தன் மனைவியின் குரல் என்று அவனுக்கு உறைத்தது. ஒலியைக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவன்தான்.

"நீயே பேசிப் பதிஞ்சியா?"

"புத்தகத்த வச்சுக்கிட்டு உக்கார எனக்கு எங்க நேரம்? போற வர வழியில வண்டியிலதான் படிப்பு. ஓட்டும்போது காதுல எதையும் மாட்டக் கூடாது. அதான் ஸ்டீரியோ."

தொழில் புத்தி அவனை விடவில்லை. "பேச்சுதானே. அதுக்கு நடுக் கம்பிய ஏத்துனா போதுமே. எதுக்கு முதல் ரெண்டையும் குழி தோண்டிப் பொதைச்சு வச்சிருக்க?"

"ஏத்திப் பாருங்க."

அவன் முதல் கம்பியை ஏற்றினான். அவள் குரலுக்கு அடியிலிருந்து ஏதோ எழுந்து வந்தது. தும், தும், தும். இரண்டாவதையும் ஏற்றினான். தும் என்பது திம் என்று வண்டி முழுக்கப் பரவியது. குரல் அதற்குள் முங்கி முங்கி எழுந்தது. அந்தத் தாளத்தை அவனுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற தாளம். அவன் கலந்து கொடுத்த, திரும்பி வந்த, காது டாக்டர் அம்மாளின் பாட்டு.

"ராத்திரி டூட்டி இல்லாத நாள்ல சாயங்காலம் உக்காந்து பதிவேன்," என்றாள் அவள், பாதையிலிருந்து கண் எடுக்காமல். "சமையல் கட்டுல குக்கரு. படுக்கை ரூமுல உங்க சுவரு. வண்டியில பதியலாம்னா அந்த நேரத்துக்கு வண்டியில நீங்க. அதான் கேக்கும்போது ஒவ்வொரு கம்பியா இறக்கிப் பாத்தேன். முதல் கம்பிய இறக்கினா நீங்க போயிட்டீங்க. அப்புறம் உங்க சத்தம் ஏற ஏற ரெண்டாவதையும் இறக்க வேண்டியதாப் போச்சு."

அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவன் பேஸ் சுவர் வழியாக அவள் பாடத்துக்குள் போயிருக்கிறது. அவள் வண்டியில் அதை இறக்கியிருக்கிறாள். இறக்கிய வண்டியில் அவன் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, பேஸ் போதவில்லை என்று மேலே ஓடி இன்னும் ஏற்றியிருக்கிறான். ஏற்றியது இன்னும் பலமாக அவள் பாடத்துக்குள் போயிருக்கிறது. அவள் இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கிறாள். ஒரு வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் இப்படிப் போட்டுச் சாய்த்திருக்கிறார்கள். இடையில் கீழ் வீட்டுக்காரரின் டம்ளர் வேறு.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கம்பிகள் இரண்டையும் மறுபடி தரைக்கு இறக்கினான்.

அடுத்த பாடம் ஆரம்பித்தது. 'இயந்திரம் காட்டும் அளவை நம்புவதற்கு முன், அளவு தெரிந்த மாதிரி ஒன்றை அதில் ஓட்டிச் சரிபார்க்க வேண்டும்.' கம்பிகள் தரையில் கிடந்தும் இந்தப் பாடத்தில் தும் தும் அடங்கவில்லை. இது அண்மையில் பதிந்ததாக இருக்க வேண்டும், தொடரின் பாட்டு அது. 'தவறினால் இயந்திரம் காட்டும் பிழை' என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. பதிவில் அவள் நிறுத்திவிட்டு மறுபடி அதே வாக்கியத்தைப் படித்தாள். மறுபடியும் இடி. பிறகு நாற்காலி நகரும் சத்தம், சுவரைத் தட்டும் சத்தம். "ஏங்க, கொஞ்சம் குறைங்களேன். ஒரு பத்து நிமிஷம்." தூரத்திலிருந்து ஓர் ஆணின் குரல் எரிந்து விழுந்தது: "இப்ப விட்டா போச்சுடி. ரெண்டே நிமிஷம் இரு." அதற்குப் பிறகு தும் தும் இன்னும் ஏறியது. அவள் அந்த வாக்கியத்தை மூன்றாவது முறை ஆரம்பித்தாள், பாதியில் விட்டாள்.

மனைவி கையை நீட்டி அடுத்த பாடத்துக்குத் தாவினாள். "இது ஒண்ணு மட்டும் சரியா விழல. புத்தகத்துல பாத்துக்கலாம்னு வச்சேன், ரெண்டு வாரமா ஆள் இல்லாம எனக்கு டபுள் டூட்டி ஆயிடுச்சு. பரவாயில்ல, சின்னப் பாடம்தான்."

அவன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது, சொல்ல நல்ல சந்தர்ப்பம். மடியில் இருந்த லேப்டாப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பரீட்சை நடந்தது ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில். வாசலில் அவளைப் போலவே பையும் பாட்டிலுமாக ஐம்பது அறுபது பேர். கல்யாணமான பெண்கள், வழுக்கை விழுந்தவர்கள், நின்றுகொண்டே தூங்கி வழிகிற ஒருவர், இரவு வேலை முடித்து நேராக வந்திருப்பார். சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, "பாட்ட முடிச்சிடுங்க," என்று சொல்லி உள்ளே போனாள். 'நல்லா எழுது' என்று அவன் சொன்னபோது அவள் பாதி தூரம் போயிருந்தாள்.

மரத்தடியில் வண்டியை நிறுத்தினான். கம்பிகளை நடுவுக்குக் கொண்டுவந்தான். முதல் வேலையாக, ஊரே கேட்டுப் பாராட்டிய யாரோ ஒருவருடைய பாட்டைப் போட்டு ஒழுங்காகக் கேட்டான். அளவு தெரிந்த மாதிரி. பிறகு தன்னுடையதைத் திறந்து, ஒரு வருஷமாக ஏற்றி வைத்த பேஸை இறக்க ஆரம்பித்தான். இறக்க இறக்க உள்ளே புதைந்து கிடந்தது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இப்படி ஒரு புல்லாங்குழல் இருந்ததே அவனுக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் குரல். பாடகி பாவம், எவ்வளவு அழகாகப் பாடியிருக்கிறாள். அவள் சொல்லுக்குச் சொல் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவனுக்கே கண் கலங்கிவிட்டது, தன் கையால் மூடி வைத்ததைத் தன் கையால் திறந்த சந்தோஷம். அவன் நல்ல வேலைக்காரன்தான், அதில் சந்தேகமில்லை. இரண்டே மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிட்டான்.

தயாரிப்பாளர் உடனே கூப்பிட்டார்.

"இதத்தான் தம்பி நான் மூணு தடவையா கேட்டேன். இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு எதுக்கு என்னை அலைய விட்டீங்க?"

"நீங்க சொன்னது சரி சார். தப்பு என் பக்கம்தான்."

"சரி சரி. திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க. மொத்த சீரியலும் நீங்களே பாத்துக்கங்க."

போனை வைத்துவிட்டு வண்டிக்குள் தனியாகக் கையைத் தட்டிக்கொண்டான். டயர் கடை ஒழிந்தது. மைத்துனனை நினைத்தால்கூடப் பாசம் பொங்கியது. வெளியே இறங்கி, வண்டியைச் சுற்றி நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி இறங்கினான். அவள் வந்ததும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். முதலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏமாற்றலாமா, நேராகவே உடைத்துவிடலாமா? நேராகவே சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்தான்.

மணி அடித்துக் கூட்டம் வெளியே வந்தது. அவள் கடைசி ஆட்களோடு வந்தாள். பையைப் பின் இருக்கையில் போட்டுவிட்டு, ஓட்டுநர் இருக்கைக்குப் போகாமல் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். "நீங்க ஓட்டுங்க."

"எப்படி எழுதின?"

"எழுதினேன்." பாட்டிலைத் திறந்து குடித்தாள், தண்ணீர் முன்பே தீர்ந்திருந்தது. மூடியைத் திருகி மூடினாள். "பெரிய கேள்வி ரெண்டும் அந்த மெஷின் சரிபாக்குற பாடத்துலேர்ந்தே வந்துடுச்சு. வழக்கமா அதுலேர்ந்து வராது. முதல் வரிதான் எழுத முடிஞ்சுது. மத்தது எல்லாம் எழுதிட்டேன்."

எந்தப் பாடம் என்று அவன் கேட்கத் தேவையில்லை. "அடுத்த தடவை எப்ப வைப்பாங்க?"

"இப்ப வர்றவங்க ரிட்டயர் ஆனாத்தான். ஒரு இடம்தானே." அதைச் சொல்லிவிட்டு, கைப்பிடியில் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்தாள். "உங்க பாட்டு என்னாச்சு? அனுப்பிட்டீங்களா?"

ஒத்திகை பார்த்ததில் ஒரே ஒரு வார்த்தைதான் வெளியே வந்தது. "அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சரின்னுட்டாரு."

"மொத்த சீரியலுமா?"

தொடர் முழுவதும் கிடைக்கலாம் என்பதை அவன் அவளிடம் எப்போது சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை. ஏதோ ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியிருப்பான். அவள் அதைக் கேட்டிருந்தாள்.

"ஆமா. மொத்தமும்."

அவள் முகம் மலர்ந்தது. அதில் பொய்யில்லை, அதுதான் கொடுமை. "நல்ல வேளை. எனக்கு ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. எங்க, போடுங்க கேக்கலாம்."

"வீட்டுல போய்க் கேக்கலாம்."

"வண்டியில போட்டாத்தானே தெரியும்னு சொல்லுவீங்க," என்று அவளே கையை நீட்டிப் போட்டுவிட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. புல்லாங்குழல் வந்தது, பாடகி வந்தாள். அவள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கேட்டாள். அவன் வண்டியைக் கிளப்பவே இல்லை. அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டியிருந்தால் அவனும் வழக்கம்போல வரிந்து கட்டிக்கொண்டு ஏதாவது பேசித் தொலைத்திருப்பான், பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்குதுங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். பிறகு அதையே மறுபடி முதலிலிருந்து போட்டாள்.